படைத்தள மதிலுக்கு வெளியே வாழ்பவர்களிடமும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி நாடு முழுவதும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது, தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும். அந்த ஒத்திகையில் குறை காண்பதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. ஒத்திகை நாள் தவிர்த்த மற்ற நாள்களிலும் படைத்தளங்களின் மதிலை ஒட்டியே குடியிருந்து, கடை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அத்தளங்களின் பாதுகாப்பில் என்ன பங்கு உண்டு என்பதை இதுவரை யாரும் முறையாகச் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கும் செய்வதற்கும் அந்தந்தப் பகுதி மக்களிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்து பயிற்சி அளிக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் விமானப்படைத் தளம். பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே பயிற்சி தருகிற பள்ளி 1954 முதல் அங்கே இயங்குகிறது. பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம். ஆவடியில் டாங்கிகளை உருவாக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை. துறைமுகத்தை ஒட்டிக் கடற்படையின் ஐ.என்.எஸ். அடையார். சற்றுத் தள்ளி அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளி. இவற்றில் பல அமைக்கப்பட்ட காலத்தில் சுற்றிலும் ஏரியும் வயலும் பனங்காடும்தான் இருந்தன. இன்று சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று எங்கள் பக்கம் முழுவதும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. 2024 அக்டோபர் 8 அன்று விமானப்படை நாள் அணிவகுப்பு தாம்பரத்தில் நடந்தபோதும், அதற்கு முந்தைய ஒத்திகை நாள்களிலும், இங்குள்ள மொட்டைமாடிகளில் கைபேசியை உயர்த்திப் பிடிக்காத ஆளே இல்லை. அந்த மகிழ்ச்சியில் தவறேதும் இல்லை. ஆனால் எதைப் படம் எடுக்கலாம், எதை எடுத்து எல்லோரும் காணும்படி பதிவேற்றக் கூடாது என்று அந்த மாடிகளில் நின்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

பொதுமக்களைத் துணைக்கு அழைப்பது புதிய எண்ணமும் அல்ல. இரண்டாம் உலகப்போரின்போது ஏ.ஆர்.பி. என்ற பெயரில் விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணிக்குப் பொதுமக்களையே அமர்த்திய நகரம் இது. விடுதலைக்குப் பின் 1968இல் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் அதில் திருத்தம் செய்து பேரிடர்ப் பணிகளையும் சேர்த்தார்கள். சட்டம் இருக்கிறது, ஊர்க்காவல் படையும் இருக்கிறது. ஆனால் ஊர்க்காவல் படையினரை நாம் காண்பதெல்லாம் பெரும்பாலும் போக்குவரத்துச் சந்திப்பிலும் திருவிழாக் கூட்டத்திலும்தான்.

கடற்கரையில் நிலைமை வேறு. 2008 நவம்பரில் மும்பைக்கு வந்த பயங்கரவாதிகள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு கடல் வழியே வந்தார்கள். கரையேறியபோது அவர்களை முதலில் கண்டவர்கள் மீனவக் குடியிருப்பைச் சேர்ந்த எளிய மக்கள். அதன் பிறகு நாடெங்கும் மீனவர்களைக் கடலோரப் பாதுகாப்பின் கண்ணாகவும் காதாகவும் கருதும் வழக்கம் வலுப்பெற்றது. தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அழைக்க 1093, கடலோரக் காவல்படையை அழைக்க 1554 என்று எண்கள் உள்ளன. ‘சாகர் கவச்’ ஒத்திகையின்போது காவலர்களே மாறுவேடத்தில் படகேறி ஊடுருவ முயல்வதும், அவர்களை மற்றக் காவலர்கள் மடக்கிப் பிடிப்பதும் நம் நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி. காசிமேட்டில் ஒரு விசைப்படகு ஓட்டுநரிடம், அறிமுகமில்லாத படகைக் கடலில் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் அவரிடம் விடை இருக்கும். அதே கேள்வியை, தளத்து மதில்மேல் இரவில் ஒரு டிரோன் பறப்பதைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று மாற்றி, சேலையூர் கேம்ப் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். நூறுக்கு அழைப்பேன் என்பார், அல்லது நமக்கெதற்கு வம்பு என்பார்.

டிரோன் என்று சும்மா சொல்லவில்லை. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படை நிலையத்தின் மீது டிரோன்கள் மூலம் குண்டு போடப்பட்டது. அதே ஆண்டில் வந்த டிரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. இந்த விதி, முகூர்த்த நாளில் மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடிக்க டிரோனை மேலே ஏற்றுகிற இளைஞருக்குத் தெரியுமா? மண்டப மேலாளருக்குத் தெரியுமா? தெரிந்தே மீறுபவர்கள் சிலர் இருக்கலாம். தெரியாமல் செய்பவர்களே மிகுதி. கல்யாண மண்டபங்களையும் புகைப்படக் கலைஞர்களையும் ஓர் ஒழுங்கில் நேரில் சந்தித்து, வரைபடத்தைக் காட்டி விளக்குவதற்குச் சீருடைக்காரர் வேண்டியதில்லை. அந்தத் தெருவிலேயே வாழும் ஓய்வுபெற்ற ராணுவ வீரரோ, குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளரோ, தேசிய மாணவர் படையில் இருந்த கல்லூரி மாணவியோ அதைச் சிறப்பாகச் செய்வார்.

இன்னொன்றைச் சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். மதிலோரத்தில் கொட்டப்படும் இறைச்சிக் கழிவும் பாதுகாப்புப் பிரச்சினைதான். விமானத்தளத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளையும் விலங்குகளையும் ஈர்க்கும் வகையில் குப்பை கொட்டவும் விலங்குகளை வெட்டவும் 1937ஆம் ஆண்டு விமான விதிகளே தடை விதித்தன. கழுகும் காகமும் கூடும் இடத்தின் மேலே, தாழப் பறக்கும் பயிற்சி விமானத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறார். எஞ்சினுக்குள் ஒரு பறவை புகுந்தால் என்ன ஆகும் என்று விமானிகளுக்குத் தெரியும். கோழிக்கடைக்காரருக்கு அதை யாரும் சொன்னதில்லை. ஒற்றர்களைத் தேடி அலைவதைவிட இந்தக் கழிவுக்கு ஒழுங்கான வண்டி ஏற்பாடு செய்யும்படி மாநகராட்சியை விடாமல் கேட்பது தன்னார்வலர் செய்யும் பெரிய பணி என்பது என் கருத்து. மதிலை ஒட்டி ஓங்கி வளர்ந்த மரத்தையும் இதனோடு சேர்க்கலாம். 2016இல் பஞ்சாபின் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் நுழைந்த பயங்கரவாதிகள் யூகலிப்டஸ் மரத்தில் ஏறியே மதிலைக் கடந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன.

பதான்கோட்டிலிருந்து கற்க வேண்டியது அது மட்டுமன்று. 2016 ஜனவரி 2 அன்று தாக்குதல் தொடங்குவதற்கு முன்பே, பயங்கரவாதிகள் தம்மைக் கடத்தி விடுவித்ததாகக் காவல்துறைக் கண்காணிப்பாளர் ஒருவரும் அவருடைய நண்பரும் தகவல் கொடுத்திருந்தார்கள். அத்தகைய நம்பகமான தகவல் கிடைத்தும் பாதுகாப்பு அமைப்புகள் உரிய நேரத்தில் ஆயத்தமாகவில்லை என்று உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பின்னர் கண்டித்தது. ஒரு காவல்துறை அதிகாரியின் சொல்லுக்கே அந்த நிலை என்றால், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் தொலைபேசி அழைப்புக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஆகவே, தகவல் தருவது எப்படி என்று மக்களுக்குக் கற்பிப்பதைவிட, வரும் தகவலைப் பெற்று, பதிந்து, “கிடைத்தது, பார்க்கிறோம்” என்று திரும்பச் சொல்வதற்குத் தளத்தின் தரப்பிலும் காவல்துறையின் தரப்பிலும் பெயர் குறித்த பொறுப்பாளர் இருப்பது முதல் தேவை. இரண்டு முறை அழைத்தும் மறுமொழி கிடைக்காதவர் மூன்றாம் முறை அழைக்க மாட்டார்.

இனி, நான் மிகவும் அஞ்சுகிற பகுதிக்கு வருகிறேன். விழிப்புணர்வு என்ற பெயரில் சந்தேகத்தை மட்டும் விதைத்தால் என்ன விளையும் என்பதைத் தமிழ்நாடு 2018இல் கண்ணால் கண்டது. பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள்; பழவேற்காட்டிலும் ஓர் உயிர் போனது. அடித்தவர்கள் ஒவ்வொருவரும் ஊரைக் காப்பதாகவே எண்ணியிருப்பார்கள். படைத்தளத்தைச் சுற்றி இத்தகைய கும்பல் உருவானால் முதலில் அடி வாங்கப்போவது கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா தொழிலாளியும், முகாமிலிருந்து வேலைக்கு வரும் இலங்கை அகதியும், பழைய பேப்பர் எடுப்பவரும்தான். உண்மையான உளவாளி அப்படித் தோற்றம் தர மாட்டார் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு: 2014இல் தேசியப் புலனாய்வு முகமை உளவுக் குற்றச்சாட்டில் இங்கே கைது செய்த ஒருவர் நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் நடத்தி வந்தவர் என்று செய்திகள் வெளியாயின. ஆகவே தன்னார்வலர் கவனிக்க வேண்டியது ஒருவரின் முகத்தையோ மொழியையோ உடையையோ அன்று, செயலை மட்டுமே. காவல் மாறும் நேரத்தை விசாரிப்பது, வாயிலில் வந்துபோகும் வண்டிகளைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது, அதிகாரி பேசுகிறேன் என்று தொலைபேசியில் சொல்லித் தளத்தில் வேலை செய்பவரின் விவரம் கேட்பது போன்றவை அவை. கண்டதைச் சொல்வதோடு அவர் பணி முடிந்தது. பின்தொடரக் கூடாது, அடையாள அட்டை கேட்கக் கூடாது, கையில் தடி எடுக்கவே கூடாது, கண்டதைக் குழுக்களில் பரப்பவும் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டுக்கு உடன்படாதவரை, அவர் எவ்வளவு பெரிய தேசபக்தராக இருந்தாலும், சேர்க்காமல் விடுவதே நல்லது.

மதிலுக்கு உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களை அறிந்திருக்க வேண்டும். 2011 ஜூலை 3 அன்று, தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்பு வளாகத்துக்குள் வாதாங்கொட்டை பறிக்கப் போன 13 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்ட ஓய்வுபெற்ற அதிகாரிக்கு மறு ஆண்டு விசாரணை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அந்தச் சிறுவனின் குடியிருப்பு மதிலுக்கு அந்தப்பக்கம்தான் இருந்தது. அங்குள்ள பிள்ளைகளையும் பெற்றோர்களையும் பெயர் சொல்லி அறிந்த ஒருவர், வளாகத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே சொல் கொண்டுபோகும் நிலையில் இருந்திருந்தால், பிள்ளைகள் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பது காவலில் இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தன்னார்வலர் என்று நான் சொல்வது அத்தகைய ஒருவரையும் சேர்த்துத்தான்.

தாம்பரம் மாநகராட்சி, தாம்பரம் காவல் ஆணையரகம், விமானப்படைத் தளம் ஆகிய மூன்றும் சேர்ந்து, மதிலை ஒட்டிய வார்டுகளின் நலச்சங்கங்களையும் வணிகர் சங்கங்களையும் ஆட்டோ நிறுத்தச் சங்கங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசு ரகசியச் சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதை அங்கே எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். முன்வருபவர்களின் பின்னணியைக் காவல்துறை சரிபார்த்த பிறகு குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர்களைப் பதிவு செய்யலாம். அப்போது அவர்களுக்குப் பொறுப்பும் இருக்கும், வரம்பும் இருக்கும். இவையெல்லாம் கூடிவரச் சில மாதங்கள் ஆகுமென்றால், அதுவரை மதிலில் உள்ள ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ எச்சரிக்கைப் பலகைகளின் அடியில், அழைக்க வேண்டிய ஒரு தொலைபேசி எண்ணையாவது தமிழில் எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சேலையூர், சென்னை – 73