ஆங்கிலக் கட்டுரைத் திருத்தம்: 8-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

குன்னூர்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

காலாண்டு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தோம். ஆங்கிலத் தாளில் இருந்த சிவப்பு மையைப் பார்த்துச் சிலர் பதறி நேரிலேயே வந்துவிட்டீர்கள். கட்டுரையில் மதிப்பெண் போனது பெரும்பாலும் எழுத்துப்பிழையால் அல்ல. வாக்கியம் பாதியில் நின்றிருக்கிறது, இல்லையென்றால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடியிருக்கிறது.

'வென் தி மிஸ்ட் கேம் டௌன்.' இப்படி எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாள் ஒரு மாணவி. 'மூடுபனி இறங்கினப்போ' என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், 'சரி, அப்புறம்?' என்று கேட்போம் அல்லவா? காற்புள்ளி வைத்து 'வி ஸ்டாப்ட் தி கேம்' (விளையாட்டை நிறுத்தினோம்) என்று சேர்த்தால் முடிந்துவிடும். 'பிகாஸ்' (ஏனென்றால்) என்று தொடங்கி அங்கேயே முடியும் வரிகளும் இதே ரகம்.

ஓடும் வாக்கியம்தான் அதிகத் தொல்லை. 'தி டிரெயின் வாஸ் லேட், வி வென்ட் பை பஸ், இட் வாஸ் ஃபுல், மை மதர் ஹேட் டு ஸ்டேண்ட்.' (ரயில் தாமதம், பஸ்ஸில் போனோம், பஸ் நிறைந்திருந்தது, அம்மா நிற்க வேண்டியதாயிற்று.) தமிழில் 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறி வந்தேன்' என்றால் வினைமுற்று ஒன்றுதான், மற்றவை எச்சங்கள். அது சரியான தமிழ். அந்த ஓட்டத்திலேயே பிள்ளைகள் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். ஆனால் மேலே உள்ள நான்கு துண்டுகளிலும் எழுவாயும் வினைமுற்றும் இருக்கின்றன. வெறும் காற்புள்ளி அவற்றைச் சேர்த்துப் பிடிக்காது. 'தி டிரெயின் வாஸ் லேட், ஸோ வி வென்ட் பை பஸ். இட் வாஸ் ஃபுல், அண்ட் மை மதர் ஹேட் டு ஸ்டேண்ட்.' இவ்வளவுதான் திருத்தம். அரைப்புள்ளியும் (;) போடலாம், ஆனால் சொல்லிக்கொடுத்த மறுநாளே வரிக்கு வரி வந்து நிற்கும் என்பதால் இப்போதைக்கு நான் அதைத் தொடவில்லை. நீளம் குற்றமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ஐ ரேன் ஹி ஃபெல்' (நான் ஓடினேன் அவன் விழுந்தான்) நாலே சொல்தான், அதுவும் பிழை.

'எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே டீச்சர்' என்று, கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்த ஒரு அம்மா சொன்னார். தெரிய வேண்டாம். அடுப்படியில் இருந்தபடியே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முற்றுப்புள்ளி வரும்போதெல்லாம் 'யாரு? என்ன செஞ்சாங்க?' என்று கேளுங்கள். பதில் வந்தாலும் விடாமல், 'முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?' என்று கேளுங்கள். 'வென்', 'பிகாஸ்' அதில்தான் மாட்டும். ஒரே மூச்சில் மூன்று நான்கு பேர் வந்து போனால், அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். திருத்துவது எங்கள் வேலை.

இதற்காகக் கைடு எதுவும் வாங்க வேண்டாம். பென்சில் கோடுகளோடு கட்டுரை நோட்டு திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்