ஞாயிறு படியை எங்களைக் கேட்காமலே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில் ஈசூனில் குடியிருக்கிறேன். ஒரு பேரங்காடியில் 14 வருடமாகக் கேஷியர் வேலை பார்க்கிறேன். அதில் 13 வருடம் சங்க உறுப்பினர். எந்த நிறுவனம், எந்தச் சங்கம் என்று எழுதவில்லை. நாளைக்கும் நான் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் கடைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்கள் தங்கள் சம்பளச் சீட்டை எடுத்து ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குச் சம்பளச் சீட்டு கைப்பேசியில்தான் வருகிறது. சென்ற மாதம் சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறையில் உட்கார்ந்து திறந்தேன். வழக்கமாக நான்கு வரி இருக்கும்: அடிப்படைச் சம்பளம், ஞாயிறு படி, இரவு மூடும் படி, ஓவர்டைம். இந்த முறை ஞாயிறு படி என்ற வரியையே காணோம். இரவுப் படியில் தொகை குறைந்திருந்தது. தவறுதலாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் துணை மேலாளரிடம் போனேன். தமிழ்ப் பையன், மரியாதை தெரிந்தவர். "தப்பு இல்லக்கா, புது ஒப்பந்தம். சங்கம் கையெழுத்துப் போட்டாச்சு" என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும். என்னோடு ஓய்வறையில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் அப்போதுதான் தெரியும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முன்பு எனக்கு அடிப்படைச் சம்பளம் 2,260 வெள்ளி. ஞாயிறு ஷிஃப்டுக்கு 30 வெள்ளி, மாதம் நான்கு ஞாயிறு, ஆக 120. இரவு கடை மூடும் ஷிஃப்டுக்கு 8 வெள்ளி, மாதம் 12 முறை, அது 96. மொத்தம் 2,476. இப்போது அடிப்படைச் சம்பளம் 2,350. ஞாயிறு படி கிடையாது. இரவுப் படி 5 வெள்ளி, அதாவது 60. மொத்தம் 2,410. மாதம் 66 வெள்ளி குறைந்துவிட்டது. வருடா வருடம் வரும் சம்பள உயர்வும் இந்த 90 வெள்ளிதானாம். அது தனியாக வராது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். காலை 11 மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தள்ளுவண்டி நிறைய அரிசி மூட்டை, தண்ணீர்ப் போத்தல், டயப்பர். ஐந்து கிலோ அரிசியைத் தூக்கி ஸ்கேன் பண்ணி மறுபக்கம் வைக்க வேண்டும், அப்படி எத்தனை மூட்டை என்று எண்ணியதில்லை. ஒரு முதியவர், அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டைக் கைப்பேசியில் திறக்கத் தெரியாமல் நிற்பார். நான் வெளியே வந்து அவர் கைப்பேசியை வாங்கி, அவர் மகள் அனுப்பிய குறுஞ்செய்தியைத் தேடி எடுத்து, இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று சரியாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். 2023 ஜூலையிலிருந்து பைக்குக் காசு வாங்குகிறோம். அதற்கு ஏச்சு வாங்குவதும் நாங்கள்தான். மாலை ஆறு மணிக்குக் கை மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும்.

அன்றைக்குத்தான் ஹவ்காங்கில் என் அம்மா வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள். தம்பி குடும்பம், தங்கை குடும்பம், பிள்ளைகள். குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வரும். எனக்கான மீன் குழம்பை அம்மா தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைப்பார், திங்கட்கிழமை போய் வாங்கிக்கொள்வேன். அந்த 120 வெள்ளியை நான் எப்போதும் அம்மா கைச்செலவுக்கென்று ஒதுக்கி வைப்பேன். நான் வராத நாளுக்குக் கிடைத்த பணம், அது அவருக்கே போகட்டும் என்று.

பண்டிகை நாளை நாங்கள் எங்களுக்குள்ளேயே சரிசெய்துகொள்கிறோம். நோன்புப் பெருநாளுக்கு மலாய்த் தோழிகளுக்காக நான் நிற்பேன், சீனப் புத்தாண்டுக்குச் சீனத் தோழிகளுக்காக நிற்பேன், தீபாவளிக்கு அவர்கள் எனக்காக நிற்பார்கள். ஞாயிறு அப்படி இல்லை. அது எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறது. யாராவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். படி இருந்தவரை "சரி, நான் வருகிறேன்" என்று சொல்ல ஆள் இருந்தது. இப்போது ஞாயிறு வந்தாலும் ஒரே சம்பளம், செவ்வாய் வந்தாலும் ஒரே சம்பளம் என்றால் யார் கேட்டு வாங்குவார்கள்? சென்ற வாரம் ரோஸ்டர் ஒட்டியதும் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. கடைசியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையில்தான் அது விழுந்தது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்று இங்கே சட்டம் சொல்லவில்லை. வேலை நியமனச் சட்டத்தில் வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. அந்த ஓய்வு நாளில் முதலாளி கூப்பிட்டு நாள் முழுக்க வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம். ஆனால் ஓய்வு நாள் எது என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும். என்னுடையது புதன்கிழமை. அதனால் சட்டப்படி என் ஞாயிறு ஒரு சாதாரண வேலை நாள். அந்த 30 வெள்ளி, சங்கம் நிறுவனத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தால் மட்டுமே வந்துகொண்டிருந்தது. அதற்குக் காவல் வேறு எதுவும் கிடையாது. அதனால்தான் எனக்கு நிறுவனத்தின் மேல் உள்ள வருத்தத்தைவிடச் சங்கத்தின் மேல் வருத்தம் அதிகம்.

எங்கள் கிளைப் பிரதிநிதியிடம் கேட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார். அடிப்படைச் சம்பளம் கூடினால் ஓவர்டைம் கூடும், 13ஆம் மாதச் சம்பளம் கூடும், ஞாயிறு வர முடியாதவர்களுக்கும் உயர்வு கிடைக்கும் என்றார். மறுக்கவில்லை. அதையும் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்ற கணக்கில் எனக்கு மணிக்கு 71 காசு கூடியிருக்கிறது. 13ஆம் மாதத்தில் வரும் 90 வெள்ளியைப் 12 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் ஏழரை வெள்ளி. அதைக் கழித்தாலும் 58 வெள்ளி 50 காசு நட்டம். அந்த நட்டத்தை ஓவர்டைமில் எடுக்க வேண்டுமானால் மாதம் 80 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்க்க வேண்டும். சட்டம் அனுமதிப்பது மாதம் 72 மணி நேரம்தான். இந்தக் கணக்கைச் சங்க அலுவலகத்தில் யாராவது ஒருவர் எங்களை மாதிரி ஞாயிறு வேலை பார்ப்பவர்களுக்காகப் போட்டுப் பார்த்தார்களா?

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. எங்கள் கிளையில் 22 வருடமாக வேலை பார்க்கும் ஒரு சீனத் தோழி, மூத்த கேஷியர். அவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,540 வெள்ளியாக இருந்தது. படியைச் சேர்த்ததும் 2,630 ஆகிவிட்டது. அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி, அதாவது வேலை நேரம், ஓய்வு நாள், ஓவர்டைம் பற்றிய பகுதி, எங்களைப் போல உடலுழைப்புத் தொழிலாளர் என்ற வகையில் வராதவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி வரைதான் பொருந்தும். படி அந்தக் கணக்கில் வராது, அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் வரும். ஆக, படி தனியாக இருந்தவரை அவர் சட்டத்தின் பாதுகாப்புக்குள் இருந்தார். அதே பணத்தை அடிப்படையில் சேர்த்ததும் வெளியே போய்விட்டார். வாரம் 44 மணி நேரம், ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் எல்லாம் இனி அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. "நிறுவனம் தொடர்ந்து கொடுக்கும், பயப்பட வேண்டாம்" என்று பிரதிநிதி சொன்னார். ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் ஆகிறது. அடுத்த வருட உயர்வில் இன்னும் எத்தனை பேர் அந்த 2,600ஐத் தாண்டுவார்கள் என்று தெரியவில்லை. சில வருடத்தில் நானும் தாண்டலாம்.

இரவுப் படியைப் பற்றியும் சொல்கிறேன். இரவு பத்தரை மணிக்கு மேல் மது விற்கக் கூடாது என்பது 2015 முதல் சட்டம். 10.31க்கு ஆறு கேன் பீரைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் முடியாது என்று சொல்வது என் வேலை. 11 மணிக்குக் கடை மூடி, கல்லாவை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வர 11.30 ஆகும். கடைசி உள்வட்டப் பேருந்தைத் தவறவிட்டால் வாடகைக் காரில் பங்கு போட்டுத்தான் வீடு வர வேண்டும். 8 வெள்ளி அதற்குச் சரியாக இருந்தது. 5 வெள்ளி போதாது.

கையெழுத்துப் போடும் முன் ஏன் எங்களைக் கேட்கவில்லை என்றதற்கு, கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை என்ற பதில் வந்தது. உண்மைதான். 2003இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்க உறுப்பினர்கள், சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்ட தங்கள் நிர்வாகக் குழுவையே வாக்களித்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதிலிருந்து நிர்வாகக் குழு கையெழுத்துப் போட உறுப்பினர்களின் ஒப்புதல் வாக்கு தேவையில்லை. சரி, தேவையில்லை. ஆனால் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே! ஒரு பக்கக் குறிப்பு, ஒரு சனிக்கிழமைக் கூட்டம், கைப்பேசியில் ஒரு சின்ன வாக்கெடுப்பு. உறுப்பினர் சலுகை, குலுக்கல், சுற்றுலா என்றால் வாரம் மூன்று குறுஞ்செய்தி வருகிறது. அதே எண்ணுக்கு இதையும் அனுப்பியிருக்கலாம்.

மெல்பர்னில் படிக்கும் என் தங்கை மகன் அங்கே ஒரு பேரங்காடியில் பகுதிநேரமாக ஞாயிறு வேலை பார்க்கிறான். அவனிடம் பேசியபோது அங்கும் இந்தச் சண்டை நடந்தது என்று சொன்னான். கோல்ஸ் என்ற பேரங்காடி நிறுவனத்தில் பெரிய சங்கமே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் வார இறுதி, இரவுக் கூடுதல் சம்பளம் குறைக்கப்பட்டிருந்தது. ஒரு பகுதிநேர ஊழியர் அதை எதிர்த்து முறையிட்டார். 2016இல் அங்குள்ள வேலை ஆணையம், அந்தத் துறைக்கான குறைந்தபட்ச ஊதிய விதியோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பந்தத்தால் சில ஊழியர்கள் நட்டப்படுகிறார்கள் என்று முடிவு சொன்னது. ஒப்பந்தம் ரத்தானது. அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அடுத்த ஆண்டே அதே ஆணையம் சில்லறைக் கடைகளின் ஞாயிறு விகிதத்தை இரண்டு மடங்கிலிருந்து படிப்படியாக ஒன்றரை மடங்குக்கு இறக்க உத்தரவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஊழியருக்கும் மொத்தத்தில் நட்டம் வரக் கூடாது என்று ஒரு சோதனை அங்கே இருக்கிறது. எங்கள் சங்கம் அந்தச் சோதனையைத் தானாகவே வைத்துக்கொண்டால் என்ன?

நான் சங்கத்தை விட்டு விலகப் போவதில்லை. எட்டு வருடத்துக்கு முன் மருத்துவ விடுப்பில் ஒரு பிரச்சினை வந்தபோது சங்க அதிகாரி ஒருவர் நேரில் வந்து எனக்காக உட்கார்ந்து பேசினார். அதை மறக்க மாட்டேன். குறைந்த சம்பளக்காரர்களுக்கான படிப்படியான சம்பள உயர்வு முறை 2022 செப்டம்பரில் கடைகளுக்கு வந்தபோது தொடக்கநிலைக் கேஷியருக்கு 1,850 வெள்ளி என்று இருந்தது, 2024இல் 2,175 ஆனது. அதற்கும் தொழிற்சங்கங்களின் பங்கு உண்டு. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் கீழே ஏற்றிய செலவை ஞாயிறு வேலை பார்க்கும் பழைய ஆட்களின் படியிலிருந்து எடுப்பதற்குச் சங்கம் சம்மதித்திருக்கக் கூடாது.

இப்போதைய ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு. என் கணக்கில் எனக்கு மொத்த நட்டம் 2,106 வெள்ளி. அதைத் திரும்பத் தரச் சொன்னால் நடக்குமா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். 2,600 வெள்ளியைத் தாண்டியவர்களுக்கு ஓவர்டைமும் ஓய்வு நாள் சம்பளமும் தொடரும் என்று ஒரு கடிதத்தையாவது நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் போட்டு ஓய்வறைச் சுவரில் ஒட்டுங்கள். என்னோடு வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பக்கங்கள் புரியாது.

வரும் மாதம் கிளைக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை இரவு ஏழு மணி. அன்று எனக்கு மூடும் ஷிஃப்ட். மலாய்த் தோழி ஒருவர் எனக்காக மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேரங்காடி ஊழியர்,
ஈசூன்