காயா நகரப் பள்ளிக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஜெர்மனியின் ஹெர்ட்சோகனௌராக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எங்கள் குழு இம்மடலை எழுதுகிறது. வயல்களும் மீன்குளங்களும் சூழ்ந்த இந்தச் சிறு நகரை விளையாட்டுக் காலணிகளின் ஊர் என்றே உலகம் அறியும். தஸ்லர் சகோதரர்கள் பிரிந்து, ருடோல்ஃப் 1948இல் பூமாவையும் அடால்ஃப் 1949இல் அடிடாஸையும் தொடங்கிய பின், எதிரே வருபவரின் முகத்துக்கு முன் காலணியைப் பார்ப்பது இவ்வூர் வழக்கமாயிற்று என்பார்கள். ஊருக்குள் அந்தப் பகை ஓயாதிருந்த 1972இலேயே நகராட்சி மேற்கு ஆப்பிரிக்காவின் காயாவோடு நட்புறவு பூண்டது என்பது எங்களுக்கு இன்றும் வியப்பே. அப்போது அப்பர் வோல்ட்டா எனப்பட்ட அந்நாடு, 1984இல் புர்கினா ஃபாசோ ஆனது. காயாவும் தோல் கைவினைக்குப் பேர்போன ஊர்தான்.

2019 முதல் ஆயுதக் குழுக்களின் தாக்குதலுக்கு அஞ்சி, சுற்றுவட்டாரக் கிராமங்களை விட்டு ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் காயாவில் தஞ்சம் புகுந்துள்ளனர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே மழை காணும் அந்நகரில் குடிநீர் போதவில்லை. இடம்பெயர்ந்த பிள்ளைகளும் படிக்கும் ஒரு பள்ளிக்குக் கைப்பம்புடன் ஆழ்துளைக் கிணறு அமைக்க, அங்குள்ள நண்பர்களோடு சேர்ந்து முயல்கிறோம். அது கடினப் பாறை நிலம். ஆழ்துளை போட்டும் தண்ணீர் காணாத வேதனையை உங்களில் பலருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நீரோட்டம் பார்க்கும் ஆய்வுச் செலவையும் திட்டத்தில் சேர்த்துள்ளோம்.

ஜெர்மன் அரசின் பயண எச்சரிக்கை காரணமாக நாங்கள் நேரில் சென்று பார்க்க இயலாது. இதை மறைக்க விரும்பவில்லை. அதனால் ஆய்வு முடிந்ததும் ஒரு பகுதி, நீர் கண்டதும் ஒரு பகுதி, பம்பு பொருத்தியதும் மீதி என்று, பிரெஞ்சு மொழி ரசீதுகளைச் சரிபார்த்த பிறகே பணம் அனுப்புவோம்.

20 யூரோ அங்கே ஏறத்தாழ 13,000 பிராங்கு. எந்தத் தொகையும் சிறிதன்று. 300 யூரோ வரையிலான நன்கொடைக்கு வரிச்சலுகை கோர வங்கிக் கணக்கு அறிக்கையே போதும். பழைய காலணிகளைத் தயவுசெய்து தர வேண்டாம். அனுப்பும் செலவு ஒருபுறமிருக்க, அவை காயாவின் செருப்புத் தொழிலாளரின் பிழைப்பைக் கெடுக்கும்.

மழை ஓய்ந்து நவம்பரில் துளையிடத் தொடங்க வேண்டியிருப்பதால், இணைப்பிலுள்ள படிவத்தை அக்டோபர் இறுதிக்குள் நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காயா கிணற்றுத் திட்டக் குழுவினர்