ஆத்ரே அகதிகள் முகாமில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. தம்பி இன்டர்வியூ போய்வந்தான், அந்த விவரத்தை அவனே உனக்கு எழுதுவான்.

மழை தொடங்கிவிட்டதா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றிருந்தேன். ஆத்ரே இருக்கும் சாட் நாட்டின் கிழக்குப் பக்கம், சூடான் எல்லையோரம், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, வாடி என்கிற காட்டாறுகள் ஓட ஆரம்பித்தால் லாரிகள் அங்கங்கே நின்றுவிடும் என்று நீதான் சொன்னாய். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. குளோரின் போட்டதுதானே என்று அசட்டையாக இருக்காதே. மலேரியா மாத்திரையை விட்டுவிடாதே, கொசுவலை இல்லாமல் படுக்காதே. காலரா கொட்டகைக்குள் போய் வரும் ஒவ்வொரு முறையும் கையைக் கழுவு. நர்ஸுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஆனாலும் அம்மா எழுதச் சொன்னாள், எனக்கும் எழுதினால்தான் மனம் ஆறுகிறது.

நீ புறப்படும்போது வாரத்துக்கு ஒருமுறை பேசுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். இப்போது அது நின்றுபோனது. டவர் கிடைத்திருக்காது, வேலை அதிகமாக இருக்கும் என்று நானும் அம்மாவும் மாறி மாறிச் சொல்லிக்கொள்கிறோம். நீ பேசாத நாட்களில் அந்த ஊரைப் பற்றி வரும் செய்தியெல்லாம் படிக்கிறேன். 2023 ஏப்ரல் 15-இல் சூடானின் ராணுவமும் துரித ஆதரவுப் படை என்கிற துணை ராணுவமும் மோதத் தொடங்கியது, அந்த ஜூனில் மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனீனாவில் அந்தத் துணை ராணுவத்தார் மசாலித் இன மக்களை வீடு வீடாக வேட்டையாடியது, உயிர் தப்பினவர்கள் ஆத்ரேயை நோக்கி நடந்த சாலையிலேயே சுடப்பட்டது எல்லாம் படித்தேன். 2025 அக்டோபரில் டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரமும் அவர்கள் கையில் விழுந்த வாரம் அம்மா டிவியை அணைத்துவிடச் சொன்னாள். அந்த மக்களின் காயத்துக்குத்தான் என் மகள் கட்டுப் போடுகிறாள் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பெரியம்மா வீட்டில் அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி எல்லார் முன்னாலும், போவேன் என்று நீ சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டாய்.

புதன்கிழமை ஜெபக்குழு தவறாமல் நடக்கிறது. உன் செய்திகள் வர ஆரம்பித்தபிறகு எங்கள் ஜெபமே மாறிவிட்டது. முன்பெல்லாம் "சூடான் தேசத்தில் சமாதானம் தாரும் ஆண்டவரே" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுவோம். இப்போது வாடி வடிந்து லாரி கடக்க வேண்டும் என்று ஜெபிக்கிறோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும், குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் துணி அலசவும் எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான் என்று நீ சொன்னதிலிருந்து, அந்த 15 லிட்டர் எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று மேரி அக்கா வயதுள்ளவர்கள்கூட எண்ணைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுத்தால் வயிற்றுப்போக்கில் வாடும் ஒரு பிள்ளை பிழைக்கும் என்பது குழுவில் எல்லாருக்கும் மனப்பாடம். இப்படி விவரம் தெரிந்து ஜெபிக்கிறபோதுதான், எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கிறோம். காணிக்கையும் அப்போதுதான் தானாக வருகிறது, இதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நீ கேட்டுக்கொண்டபடி பெயர்களை யாரும் சொல்வதில்லை. "கைக்குழந்தையோடு வந்த தாய்", "கால் இழந்த பையன்", அவ்வளவுதான். படமும் போடுவதில்லை. பாடுபடுகிறவர்களின் பெயரும் முகமும் கிராமமும் குரூப் குரூப்பாகச் சுற்றினால், அவர்கள் யாருக்குத் தப்பி வந்தார்களோ அவர்கள் கைக்கே போய்ச் சேரும் என்பதைச் சிலருக்குப் புரியவைக்கச் சிரமப்பட்டேன். படம் இல்லாவிட்டால் ஜெபிக்கும் பாரம் வராது என்றார் ஒருவர். பாரம் வருவதற்காக ஒரு விதவையின் உயிரைப் பணயம் வைக்க முடியாது என்றேன். ஆப்கானிஸ்தானில் நாளைக்கு இத்தனை மிஷனரிகளுக்கு மரண தண்டனை என்று வருஷக்கணக்காகச் சுற்றுகிறதே, அந்த மெசேஜ் மறுபடி வந்தது. அது பொய் என்று எழுதி நிறுத்தினேன். உண்மையாகவே பாடுபடுகிறவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது, பொய்யான செய்தியை வைத்துக் கண்ணீர் விடச் சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சபையில் ஒருவர், ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது, "அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியர்கள்தானே, நம் காணிக்கை நம் ஜனங்களுக்கல்லவா போக வேண்டும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் கேட்டதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. உபத்திரவப்படும் விசுவாசிகளை உலகம் எளிதில் மறக்கிறது. 2014 ஜூலையில் ஈராக்கின் மோசூலில் ஐஎஸ் அமைப்பினர் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் அரபு எழுத்து ஒன்றை எழுதி அடையாளமிட்டார்களே, நாமும் அந்த எழுத்தைப் படமாக வைத்துக்கொண்டு ஜெபித்தோம். ஆகஸ்ட் மாதம் பக்கத்தில் இருந்த கரகோஷ் என்கிற கிறிஸ்தவ ஊர் ஒரே இரவில் காலியானது. ஓடி வந்தவர்கள் எர்பில் நகரத்து அங்காவாவின் ஆலய வளாகங்களில் படுத்துக் கிடந்தார்கள். 2016-இல் அந்த ஊர் மீட்கப்பட்டபோது வீடெல்லாம் எரிந்து கிடந்தது, ஆலயமும் கருகிக் கிடந்தது. கட்டுவதற்குக் கை தேவைப்பட்ட அந்த நாட்களில் எத்தனை சபைகளின் ஜெபக் குறிப்பில் அந்த ஊர் இருந்தது? டிவியில் வருகிற வரைக்கும்தான் ஒரு தேசம் நம் முழங்காலில் இருக்கிறது. இது மாற வேண்டும். நம் ஜனங்களுக்காக இன்னும் அதிகமாய், இன்னும் நீண்ட நாள் நிற்க வேண்டும், அதை அவரிடமும் ஒத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு மசாலித் பிள்ளைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை அந்தக் கணக்கில் கழிக்க முடியாது. தேவையைப் பார்த்துத்தான் உதவி, மதத்தைப் பார்த்து அல்ல என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் நடத்தை விதியாகவே எழுதினார்கள். அதில் கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு. உதவியைக் காட்டி மதத்தையோ அரசியலையோ பரப்பக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. பசியோடு நிற்கிறவளுக்கு ரொட்டியை நீட்டி, பதிலுக்கு விசுவாசத்தைக் கேட்பது விசுவாசத்துக்கே அவமானம். குற்றுயிராய்க் கிடந்தவன் எந்த ஜாதி என்று சமாரியன் விசாரிக்கவில்லை. இதைச் சொன்னதும் அவர் பேசாமல் போய்விட்டார். அடுத்த வாரம் காணிக்கைக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குத் தெரியாமல் நான் அடிக்கடி நினைப்பது பிரேம்குமார் சுவாமியைத்தான். தமிழ்நாட்டிலிருந்து ஆப்கானிஸ்தான் போய் அகதிகள் பணி செய்த இயேசு சபைக் குரு. 2014 ஜூனில் ஹெராத் பக்கம், அகதிகளாய் இருந்து திரும்பிய பிள்ளைகளின் பள்ளிக்குப் போயிருந்தபோது கடத்திக்கொண்டு போனார்கள். 2015 பிப்ரவரியில்தான் விடுதலையானார். அந்த எட்டு மாதமும் அவர் வீட்டில் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று முன்பு நான் யோசித்ததில்லை. இப்போது ராத்திரிகளில் யோசிக்கிறேன். பாதுகாப்பு அதிகாரி இங்கே போகாதே என்றால் போகாதே. தனியாக வெளியே போகாதே. இருட்டியபிறகு வண்டியில் ஏறாதே. இதை முன்பும் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்.

கடைசியாகப் பேசியபோது நீ சொன்னாயே, "ஜெபம் பண்ணுங்கன்னு சொல்ல எனக்கே இப்போ வாய் வரல அப்பா" என்று. லைன் கட்டாகிவிட்டது. மறுபடி நீ கூப்பிடவில்லை. அதைத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். மழையைப் பற்றிக் கேட்டதும் மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல்தான்.

மகளே, நீ பார்ப்பதை நாங்கள் பார்க்கவில்லை. கையில் ஒரு பிள்ளை அடங்கிப்போன பிறகு வாய் திறக்காவிட்டால் அதை அவிசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன். 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார், அது இருளிலேயே முடிகிறது, அதன் கடைசியில் ஸ்தோத்திரம் கிடையாது. அப்படிப்பட்ட புலம்பலும் வேதத்துக்குள் இருக்கிறது. திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினபோது, ஆண்டவர் பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே எழுதியிருக்கவில்லை. அதனால் உனக்கு வாய் வருகிற வரைக்கும் நாங்கள் தூக்குகிறோம். நீ கட்டுப் போடு, மருந்து கொடு, தூங்கு. ஜெபிக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி ஒன்றையும் அந்த வேலைக்குமேல் ஏற்றிக்கொள்ளாதே. ஆனால் எங்களிடம் பேசாமல் மட்டும் இருக்காதே. கோபமாயிருந்தால் கோபமாய்ப் பேசு. கடவுள்மேல் கோபம் என்றாலும் என்னிடம் சொல், நான் தாங்குவேன். போதகரிடம் சொல்லமாட்டேன், அம்மாவிடமும் நீ சொல்லச் சொன்னால்தான் சொல்வேன்.

சில வாரத்துக்கு ஒருமுறை ஓய்வு விடுப்பு உண்டு என்றாயே. போன முறை யாரோ ஒருவருக்காக விட்டுக்கொடுத்தாய். இந்த முறை விட்டுக்கொடுக்காதே. மனநல ஆலோசகர் யாராவது உங்கள் குழுவுக்கு இருந்தால் போய்ப் பேசு, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் என்ன ஜெபக் குறிப்பு என்று ஒரு வரி அனுப்பு. நல்ல செய்தியாகத் தேட வேண்டாம், லாரி வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுது. அதற்கும் நேரம் இல்லாவிட்டால் "இருக்கிறேன்" என்று மட்டும் போடு.

அன்புடன்,
அப்பா

பி.கு: கொசுவலையில் ஓட்டை இருந்தால் இன்றைக்கே தைத்துவிடு. விடுப்புத் தேதி தெரிந்ததும் சொல், அம்மா காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்.