டர்பன் – சென்னை: எட்டு மணி நேரக் கணக்கு எங்கே இடறுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில் ‘டர்பனிலிருந்து சென்னை 7,000 கிலோமீட்டர், எட்டு மணி நேரம்’ என்று வந்திருந்தது. தூரத்தில் குறையில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள கிங் ஷாகா விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் வான்வழியில் ஏறத்தாழ 7,070 கி.மீ. ஆனால் அந்தக் கோட்டில் பயணிகளை ஏற்றிப் பறக்கும் நேரடி விமானம்தான் இல்லையே! துபாய் வழியாகப் போனால் முதல் கட்டம் 6,630, அடுத்தது 2,930. ஆக 9,560 கி.மீ.

தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 870 கி.மீ.யால் வகுத்து, கட்டத்துக்கு அரை மணி சேர்த்தால் பறக்கும் நேரம் கிடைத்துவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அந்த அரை மணியில் அடக்கம். முதல் கட்டம் எட்டு மணி சொச்சம், இரண்டாவது நான்கு. காற்றைப் பொறுத்து முன்பின் ஆகலாம். (1860இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் இங்கே ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் சென்னையில் அக்டோபர் 12 கிளம்பி டர்பனுக்கு நவம்பர் 16தான் வந்து சேர்ந்தது. அதை நினைத்தால் இதுவும் ஒரு அலுப்பா?)

பலரும் தடுமாறுவது கடிகாரத்தில். டிக்கெட்டில் அச்சாகும் நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். துபாய் டர்பனைவிட 2 மணி முன்னால், சென்னை 3½ மணி முன்னால். டர்பனில் வெள்ளி இரவு 7க்குக் கிளம்பினால் துபாயில் சனி காலை 5.10. அங்கே 9 மணி விமானம் பிடித்தால் சென்னையில் பகல் 2.30. கிளம்பிய நேரத்தைச் சேர்ந்த நேரத்திலிருந்து அப்படியே கழித்துப் பார்ப்பவருக்கு 19½ மணி வரும். உண்மையில் டர்பனில் அப்போது காலை 11, ஆகவே 16 மணிதான். திரும்பும்போது இதே பிழை தலைகீழாகி, பயணத்தை 3½ மணி குறைத்துக் காட்டும். துபாயில் காலை விமானத்தை விட்டு இரவு 9.30க்கு ஏறினால் சென்னையில் இறங்குவது ஞாயிறு அதிகாலை 3 மணி. ‘சனி இரவு வருகிறார்கள்’ என்று சொல்லிவிட்டால், அழைத்துப்போக வருபவர் சில மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்பார்.

ஜோகன்னஸ்பர்க் வழியாகத் திரும்புகிறவர்கள் பெட்டியை அங்கேயே எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். டர்பன் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் இதுதான் முறை. இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் விமானம் தவறக்கூடும். தனித்தனி டிக்கெட் என்றால் அடுத்த டிக்கெட்டும் உங்கள் காசில்தான்.

அடிஸ் அபாபா, நைரோபி வழி மலிவாகக் கிடைக்கும்போது காத்திருப்பு நேரத்தையும் பாருங்கள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கித் தென்னாப்பிரிக்காவுக்குள் வந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்