பாப்பாவுக்கு, அந்த போஸ்டர் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நம் பக்கம் தாளடி நடவு ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் பேச்சு பாதியில் இருக்கும்போதே "மீட்டிங் அம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

நீ அனுப்பிய போஸ்டரை மூன்று நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். காவிரித் தண்ணீருக்காக ஒரு தொண்டு நிறுவனம் கேட்டது, பணம்கூட வாங்காமல் செய்து கொடுத்தோம் என்றாய். சந்தோஷம். ஆனால் படத்தில் என்ன இருக்கிறது? நனைந்த சேலை உடம்போடு ஒட்டிக்கிடக்க, ஒரு பெண் வயலில் குனிந்திருக்கிறாள். கேமரா பின்னால் நிற்கிறது. மேலே 'ஈரம் காய விடாதே' என்று எழுத்து. அதற்கு இரண்டு அர்த்தம் வரும் என்று தெரிந்துதானே போட்டீர்கள்? எனக்கே புரிகிறது, டீக்கடை பெஞ்சில் இருக்கிறவனுக்குப் புரியாதா?

உன் மாமா பார்த்துவிட்டு, நம் பண்பாடு என்ன ஆவது என்று குதித்தார். அவரோடு என்னைச் சேர்த்துவிடாதே. நீ ஜீன்ஸ் போட்டதற்கு ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்த மனிதர் அவர். என் வருத்தம் வேறு.

சத்துணவு வேலை கிடைக்கும்வரை நானும் நடவுக்குப் போனவள். வயலில் இறங்கும் முன் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்வோம். ஜாக்கெட்டுக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நாற்று முடியைப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றில் அழுத்தி, ஒரு எட்டு பின்னால் வைப்போம். காலையில் குனிந்தால் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வது. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து, ராத்திரி மஞ்சளும் எண்ணெயும் வைத்துக்கொண்டு படுப்போம். அந்த வயலில் முழங்கால் தெரிகிறதே என்று யாரும் யாரையும் பார்த்ததில்லை. சேறு ஏறாமல் இருக்கத் தூக்கிச் செருகிய சேலை அது.

ஒரு நாள் நகரத்திலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். வரப்பில் நின்று எங்களை எடுத்தார், எங்களுக்குப் பின்னால் நின்று. அதை நாங்கள் மறந்தே போனோம். சில வருடம் கழித்து ஒரு கடன் விஷயமாக உன் அப்பாவோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் பெரிய சட்டம் போட்டு அந்தப் படம். பச்சை வயல், வரிசையாக ஏழு முதுகுகள். மூன்றாவது நான். சேலை பார்டரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அங்கே இருந்த இரண்டு பேர் அந்தப் படத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். உன் அப்பாவிடமும் நான் சொல்லவில்லை. உன் போஸ்டரைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அந்த மாடல் பெண் சம்மதித்துத்தான் நின்றாள், சம்பளம் வாங்கினாள் என்பாய். சரி, அது அவள் உரிமை, அவளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் யாராக நிற்கிறாள்? நடவு ஆளாக. வயலில் இருக்கிற எங்களை யாரும் கேட்கவில்லையே.

உலகமே இப்படித்தான் செய்கிறது, விலங்குகளுக்காகப் போராடும் பீட்டா அமைப்பு செய்யவில்லையா என்றும் கேட்டாய். தம்பியை விட்டுத் தேடிப் படிக்கச் சொன்னேன். விலங்குத் தோல் உடைகளுக்கு எதிராக, 'ரோமத்தை அணிவதைவிட நிர்வாணமாகவே இருப்பேன்' என்று நடிகைகளையும் மாடல்களையும் நிறுத்தி, 1990-களின் தொடக்கத்திலிருந்து 2020 வரை நடத்தியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம்! பெயர் பரவியது நிஜம். ஆனால் 2013-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி விளம்பரங்களையே எடுத்து ஆட்களிடம் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். கவர்ச்சிப் படத்தைப் பார்த்தவர்களிடம் அந்த இயக்கத்தை ஆதரிக்கும் எண்ணம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. படத்தில் இருக்கும் பெண்ணை மனுஷியாக மதிப்பது குறைந்துபோனதுதான் காரணம் என்று கண்டிருக்கிறார்கள். இதைத் தம்பி ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி வாசித்தான். எனக்கு அந்த இரண்டு பேரின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

உடம்பைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017-ல் நம் விவசாயிகள் கடன் தள்ளுபடி கேட்டு அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்தார்களே, 41 நாள். ஏப்ரல் 10 அன்று சிலர் பிரதமர் அலுவலகம் இருக்கும் பகுதியில் உடையைக் களைந்துவிட்டு ஓடினார்கள். டிவியில் பார்த்துவிட்டு உன் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சாப்பிடக்கூட வரவில்லை. மணிப்பூரில் 2004 ஜூலையில், அசாம் ரைபிள்ஸ் படையினர் பிடித்துக்கொண்டு போன மனோரமா என்ற பெண் கொல்லப்பட்ட பிறகு, பன்னிரண்டு தாய்மார்கள் அந்தப் படை தங்கியிருந்த காங்லா கோட்டை வாசலில் துணியில்லாமல் நின்றார்கள். அந்த நவம்பரில் அசாம் ரைபிள்ஸ் கோட்டையை விட்டு வெளியேறியது. இவர்களைப் பார்த்து யாருக்காவது கண்ணடிக்கத் தோன்றுமா? பார்க்கிறவன்தான் தலைகுனிய வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து நின்றார்கள். உன் போஸ்டரைப் பார்க்கிறவன் கூச்சப்பட ஒன்றுமில்லை. பார்த்து ரசிக்கச் சொல்லித்தானே அதைச் செய்திருக்கிறீர்கள்?

பண்ணையாட்களுக்காகப் போராடிய, நம் திருவாரூர்ப் பக்கத்து மணலூர் மணியம்மையைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். விதவைக் கோலத்தை உதறிவிட்டு, தலைமுடியை ஆண்கள்போல வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டையோடு பண்ணையாட்களின் தெருவுக்குப் போனவர். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி எது? ஊரே பார்த்திருக்கும். ஆனால் என்ன உடுத்துவது என்பதை அவர்தான் தீர்மானித்தார், வேறு யாரும் அவரை நிறுத்திப் படம் எடுக்கவில்லை.

இன்னொன்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காவிரியில் நமக்கு வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பு சொன்னது. எந்த மாதம் எவ்வளவு வர வேண்டும், மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளந்தால் எவ்வளவு வந்தது, கடைமடைக்கு வந்து சேர்வது எத்தனை, இதில் ஒரு வரிகூட உன் போஸ்டரில் இல்லை. போட இடமில்லை என்றாய். இடுப்புக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதுமே! (கோபித்துக்கொள்ளாதே, எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன்.)

கவர்ச்சி இல்லாவிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிறாய். ஆதிரெங்கம் விதைத் திருவிழாவுக்கு உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? நெல் ஜெயராமன் இருந்த காலம். இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. அப்படியே 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். எந்த ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், நீயே பார்த்தாய். நாம் வாங்கிவந்த தூயமல்லியைத்தான் போன பொங்கலுக்கு உனக்குக் கொடுத்தனுப்பினேன்.

போஸ்டரை மாற்று என்று உத்தரவு போட எனக்கு அதிகாரமில்லை. அச்சுக்குப் போய்விட்டதோ என்னவோ. போகவில்லையென்றால், வருகிற சனிக்கிழமை பஸ் ஏறி வா. நம் வயல் நடவு ஞாயிற்றுக்கிழமை. பதினோரு பேர் வருகிறார்கள், சின்னத்தையும் வருகிறாள், இந்த வயதிலும். உன் போஸ்டர் கதையை அவளிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாப்பாவை வந்து எங்களை எடுக்கச் சொல்லு. வரப்புல நிக்காம சேத்துல இறங்கி முன்னாடி வந்து, மொகத்தை எடுக்கச் சொல்லு. பல்லுதான் ரெண்டு இல்ல" என்றாள்.

வரும்போது கேமராவோடு பழைய சட்டை ஒன்றும் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா