பதில் வராததையும் கணக்கில் சேருங்கள்

எங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். புகார் எண் உங்களிடம் இருக்கிறது, பழங்கதை வேண்டாம். தலைகீழ் டிஎன்எஸ் தேடலுக்கு, அதாவது ஓர் ஐபி முகவரியின் (இணையத்தில் ஒரு கணினிக்கு உரிய எண்ணின்) பெயர் என்ன என்று கேட்பதற்கு, உங்கள் பக்கம் பல நேரம் பதிலே வருவதில்லை என்பதுதான் புகார். அதன் "சராசரி பதில் நேரம் திருப்திகரம்" என்று எழுதிப் புகாரை மூடிவிட்டீர்கள்.

எதன் சராசரி, ஐயா? பிரட்டில் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) வந்து நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இன்றைக்கு யாரும் மட்டம் போடவில்லை என்று கங்காணி துரையிடம் ஒப்பித்த கணக்காக இருக்கிறது.

எங்கள் ஐபி முகவரிக்குப் பெயர் சொல்ல நீங்கள் வைத்திருப்பவை இரண்டு சேவையகங்கள். ஒன்றில் எங்கள் பிடிஆர் பதிவு (முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) இருக்கிறது, ஆனால் பல நேரம் வாயே திறப்பதில்லை. டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் 'டிக்' கட்டளை 5 வினாடி வீதம் மூன்று முறை கேட்டுவிட்டுக் கைவிரிக்கிறது. மற்றது பதிவுகளின் பழைய நகலை வைத்துக்கொண்டு, அப்படி ஒரு பெயரே இல்லை என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்கிறது. உங்கள் சராசரியை அழகாக்குவது இந்தத் தவறான பதில்தான்! வராத பதிலைத் தனியாக எண்ணுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பெயர் கிடைக்காத முகவரியிலிருந்து வரும் அஞ்சலை ஜிமெயில் ஏற்காது. சங்கத்தின் கல்வி நிதிக் கடிதம் ஒன்று அப்படித்தான் திரும்பி வந்தது. கல்லூரிப் பதிவுக்குக் கடைசி நாள். செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்த மாணவரின் தகப்பனார், தூங்காமல், மழையில் மோட்டார் சைக்கிளில் சுங்கை சிப்புட்டுக்கு வந்து கடிதத்தைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனார். அன்றிரவு வேலைக்குப் போக முடியவில்லை, சம்பளத்தில் பிடித்தார்கள். அவரிடம் போய் மில்லிவினாடியைப் பற்றி நான் என்ன பேச?

நாங்களே சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஐபி முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏப்னிக் அமைப்பு அந்த முகவரித் தொகுதியை உங்கள் பெயரில்தான் கொடுத்திருக்கிறது. சிறு தொகுதிகளின் தலைகீழ்ப் பதிவை வாடிக்கையாளரிடமே ஒப்படைக்கும் முறையை ஆர்எஃப்சி 2317 என்ற இணைய நடைமுறை ஆவணம் 1998-லேயே சொல்லிவிட்டது. அதுவும் எங்களுக்குக் கிடையாது. நிலையான ஐபிக்கு மாதாமாதம் தனிக்கட்டணம் மட்டும் உண்டு. தோட்ட முகப்பில் மின்னல் வேகம் என்று பேனர் கட்ட ஆள் வருகிறது, சேவையகத்தைப் பார்க்க ஆள் இல்லை. தோட்டத்து ஆட்களுக்கு இது போதும் என்று நினைத்தீர்களோ?

மன்னிக்கவும், கேட்க வந்தது இவ்வளவுதான். இரண்டு சேவையகங்களையும் இடைத்தேக்கம் (முன்பு வந்த பதிலைச் சேமித்து வைத்துத் திரும்பச் சொல்வது) இல்லாமல் தனித்தனியே நேராகக் கேட்டு அளவெடுங்கள். பெயர் வந்தது, இல்லை என்றது, பிழை காட்டியது, பதிலே வராதது என்று பிரித்துக் காட்டுங்கள். பழைய நகலையும் தயவுசெய்து புதுப்பித்துக் கொடுங்கள். அடுத்த தொகுதிக் கல்வி நிதிக் கடிதங்கள் மாதக் கடைசியில் போகின்றன.

இப்படிக்கு,
சங்கத்தின் கணினியைப் பார்த்துக்கொள்பவன்,
சுங்கை சிப்புட்